பொட்டிக்குப் பனி பிடிச்சிருக்கு!

மார்ச் மாசம் பேங்க்கில் வேலை பார்க்கிறவனுக்கு அவன் வீட்டில் என்ன நடக்குதுன்னே தெரியாது. வருஷக் கணக்கு முடிக்கிற மாசம். ஆணி புடுங்கிப் புடுங்கியே விரல் தேஞ்சிடும். அதனாலதான் 2025 மார்ச்சில் எங்க வீட்டு மடிக்கணினி தினமும் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்த விஷயம், அது தொடங்கிப் பத்து நாள் கழித்து எனக்குத் தெரிய வந்தது.

பொட்டியின் ஜாதகத்தை முதலில் சொல்லிடறேன். 2018 ஜூனில் மதுரையில் 45,000 ரூபாய்க்கு வாங்கியது. 2022இல் எனக்குக் கொச்சிக்கு மாற்றல் வந்தபோது, மிக்சி, கிரைண்டர், குலதெய்வப் படத்தோடு அதுவும் லாரியில் ஏறி வந்தது. வீடு வைட்டிலாவில், பைபாஸ் பக்கம் மூணாவது மாடி. வைட்டிலா ஜங்ஷனைப் பார்த்தவங்களுக்குச் சொல்ல வேண்டாம். பார்க்காதவங்களுக்கு: மெட்ரோ, பஸ் எல்லாம் வந்து சேரும் மொபிலிட்டி ஹப், 2023 ஏப்ரலில் இருந்து காக்கநாட்டுக்கு வாட்டர் மெட்ரோ படகு, தலைக்கு மேல 2021 ஜனவரியில் திறந்த பாலம். இத்தனையும் இருந்தும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கீழே ஒரே ஹாரன் கச்சேரிதான். அந்தச் சாலையின் தூசி மொத்தமும் எங்க பால்கனிக்குத்தான் விலாசம் போட்டு வரும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கதைக்கு வேணும்.

அந்தப் பொட்டி என்னுடையது இல்லை. தங்கமணியுடையது. 2020 ஊரடங்கில் என் மச்சான் மகளுக்குத் தமிழ் எழுதச் சொல்லித் தரலாம்னு தொடங்கியவங்க, இப்போ ஷார்ஜா, மஸ்கட், பெங்களூரு, புனேன்னு பதினோரு பிள்ளைகளுக்கு வாரம் அஞ்சு நாள் சாயங்காலம் வகுப்பு எடுக்கறாங்க. தலைக்கு மாசம் ஆயிரம் ரூபாய். எல்லாம் நம்மள மாதிரி ஊர் விட்டு ஊர் வந்தவங்க வீட்டுப் பிள்ளைங்க. வீட்டில் தமிழ் பேசும், ஆனால் பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊர்ப் பேரைப் படிக்கத் தெரியாது.

அந்த வகுப்பு நடுவில்தான் பொட்டி படுத்துக்கொண்டது. முதலில் ஏரோபிளேன் கிளம்பற மாதிரி ஒரு இரைச்சல். அப்புறம் படம் திக்கும். இருபதாவது நிமிஷம், 'ழ' சொல்லித் தர நாக்கை மடித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது, படக்குன்னு கறுப்பு. "டீச்சர் நாக்கை நீட்டினபடியே நின்னுட்டாங்க"ன்னு மஸ்கட்டில் ஒரு வாண்டு அவங்க அம்மாகிட்டச் சொல்லிச் சிரிச்சிருக்கு. நானும் சிரித்தேன். தங்கமணி சிரிக்கவில்லை.

"ஏங்க, சிரிக்காதீங்க. இந்த வாரம் நாலு வகுப்பு பாதியில் நின்னுடுச்சு. ரெண்டு பிள்ளைங்க அடுத்த மாசம் பார்க்கலாம்னு நின்னுட்டாங்க. அதுல ஒருத்தி சங்கரன்கோயில்ல இருக்கற அவ ஆச்சிக்குக் கடுதாசி எழுதறேன்னு பாதி எழுதி வச்சிருக்கா. அந்த மீதிப் பாதியை யார் எழுத வைக்கிறது?"

எனக்கு அப்பதான் உறைத்தது.

உடனே என்ன செய்தேன்? நம்ம வர்க்கத்து ஆம்பளைங்க எல்லாரும் செய்யறதைத்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிட்டுப் போனேன். பேர் வேண்டாம். ஏசி போட்ட அறை, டோக்கன், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தம்பி. பொட்டியைத் திறக்கக்கூட இல்லை. ஒரு மணி நேரம் உள்ளே வைத்திருந்துவிட்டு, "மதர்போர்டு மாத்தணும் சார், 24,500 ஆகும். ஏழு வருஷப் பொட்டி, அதுக்குப் புதுசே வாங்கிடலாம்"னு சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, பக்கத்துக் கடையிலேயே 58,000 ரூபாய் பொட்டி ஒன்றை விலை கேட்டேன். "நோ காஸ்ட் இ.எம்.ஐ. சார், மாசம் ஐயாயிரத்துக்கும் கம்மி"ன்னார் கடைப் பையன்.

இந்த இடத்தில்தான் என் பி.காம் மூளை முழித்துக்கொண்டது.

நானே இ.எம்.ஐ. கொடுக்கிற தொழிலில் இருக்கிறவன். வட்டியில்லாத கடன்னு ஒன்று கிடையாது. 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பி, பூஜ்ய சதவீத வட்டி என்கிற சங்கதியே கிடையாதுன்னு சொன்னது. இன்றைக்கு 'நோ காஸ்ட்' என்று வருவதில், வட்டித் தொகையைக் கடைக்காரரோ கம்பெனியோ தள்ளுபடியாகக் காட்டி, அதையே வங்கி வட்டியாக வாங்கிக்கொள்ளும். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உங்கள் தலையில். பெரும்பாலும் பிராசஸிங் கட்டணம் தனி. மொத்தமாகப் பணம் கொடுக்கிறவனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காது. மாசம் ஐயாயிரம் சின்னதாகத் தெரிவதுதான் அந்த வியாபாரத்தின் சூட்சுமம். கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இதை ஊருக்கெல்லாம் சொல்கிற நானே, அன்றைக்குப் பேனாவை எடுத்துவிட்டேன் என்பதுதான் வெட்கக்கேடு.

இன்னொரு கணக்கும் சொல்றேன். கம்பெனிகள் சட்டம் 2013இன் இரண்டாவது அட்டவணைப்படி மடிக்கணினியின் ஆயுள் மூணு வருஷம். வருமான வரிக் கணக்கில் கணினிக்கு வருஷத்துக்கு 40 சதவீதம் தேய்மானம். அந்த வீதத்தில் ஏழு வருஷம் எழுதிக்கொண்டே வந்தால், 45,000 ரூபாய்ப் பொட்டியின் புத்தக மதிப்பு சுமார் 1,260 ரூபாய். ஆனால் அந்த 1,260 ரூபாய்ப் பொருள்தான் மாசம் 11,000 ரூபாய் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. கணக்குப் புத்தகத்தில் செத்துப்போன பொருள் எல்லாம் நிஜத்தில் செத்ததா என்ன? நம்மில் பலர் புத்தக மதிப்பைப் பார்த்தே பொருளைக் குப்பையில் போடுகிறோம் என்பதுதான் என் வாதம்.

பேனாவை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். மறுநாள் எங்க கிளைக் காவலாளி சேட்டன்தான் பொன்னுருன்னி பக்கம் ஒரு சின்னக் கடையைக் காட்டினார். ஒரு ஆள் நிற்கிற அகலம். டேபிள் லாம்ப், பூதக்கண்ணாடி, பத்து டப்பா நிறைய ஸ்க்ரூ. ஐம்பது வயசுச் சேட்டன் பொட்டியை ஆன் செய்து, அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், குழந்தை நெற்றியில் கை வைக்கிற மாதிரி.

"சாரே, இதினு பனியா."

எனக்குப் புரியல. கொச்சி வெயிலில் பனி எங்கேயிருந்து வந்துச்சு? அப்புறம்தான் ஞாபகம் வந்தது, மலையாளத்தில் பனின்னா காய்ச்சல். ஒன்பது ஸ்க்ரூ கழற்றி அடிப்பலகையைத் தூக்கினார். "கண்டோ? பொடி!" நமக்குப் பொடின்னா இட்லிக்குத் தொட்டுக்கறது. அங்கே தூசி. காற்றாடிக்கும், அதுக்கு முன்னால் சீப்பு மாதிரி இருக்கிற செம்புத் தகடுகளுக்கும் நடுவில், கம்பளித் துண்டு மாதிரி ஒரு பட்டை. இடுக்கியால் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வந்தது. பைபாஸ் தூசி, தலைமுடி, சாம்பிராணிப் புகை, எல்லாம் சேர்ந்து கொச்சி ஈரக்காற்றில் பதமாக ஊறி உருவான பட்டை.

அவர் விளக்கினதையும், நான் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்றேன்.

எங்க பொட்டியின் பிராசஸர் 15 வாட் வகை. 15 வாட்டுன்னா சின்ன பல்பு மாதிரிதான். ஆனால் அந்தச் சூடு முழுக்கக் கட்டைவிரல் நக அளவு சில்லில் பிறக்குது. சதுர சென்டிமீட்டர் கணக்கில் பார்த்தால் ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியையே மிஞ்சிடும்! அந்தச் சூட்டை அங்கேயிருந்து கடத்தணும். சில்லுக்கு மேல் ஒரு பசை. அதுக்கு மேல் செம்புத் தகடு. அதிலிருந்து ஒரு செம்புக் குழாய். அந்தக் குழாய்க்குள் கொஞ்சூண்டு திரவம், சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் திரும்பத் திரவமாகி, ஓயாமல் சூட்டைச் சுமந்துகொண்டு போகும். கடைசியில் தகட்டுச் சீப்பு, அதன் மேல் காற்றாடி. இந்தச் சங்கிலியில் எங்கே அடைத்தாலும் சூடு தேங்கும்.

தேங்கினால் என்ன ஆகும்? இந்த வகைப் பிராசஸர்களுக்கு வரம்பு 100 டிகிரி செல்சியஸ் அளவில். அதை நெருங்கும்போது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். படம் திக்கினது அதனால்தான். அப்பவும் சூடு ஏறினால், உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். அதாவது மக்களே, அணைந்து போவது நோய் இல்லை. அதுதான் காவலாளி. நாம் காவலாளி விசில் அடிச்சதைப் பார்த்துட்டு, வீடே போச்சுன்னு புது வீடு பார்க்கக் கிளம்பறோம்.

கொசுவத்தி கொஞ்சம் சுத்திக்கறேன். பாளையங்கோட்டையில் எங்க தெருமுனையில் இஸ்திரி வண்டி. கரி போட்ட பெட்டியை அந்த அண்ணாச்சி அரை மணிக்கு ஒரு தடவை கையை வீசி ஆட்டுவார். சாம்பல் பறக்கும். "சாம்பலை எடுக்காட்டி கரி மூச்சு முட்டிச் செத்துப்போகும்ல, தம்பி" என்பார். ஃபோர்ட் கொச்சி தோபி கானாவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தபோது அது ஞாபகம் வந்தது. டச்சுக்காரர்கள் காலத்தில் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பங்கள், இன்றைக்கும் அங்கே துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். சூட்டோடு தொழில் செய்கிறவனுக்குச் சாம்பல் தட்டத் தெரியும். நமக்கு மட்டும் தெரியல.

சேட்டன் தூசியை எடுத்து, காய்ந்து சுண்ணாம்பாகிப்போன பழைய பசையைத் துடைத்து, அரிசி அளவு புதுப் பசை வைத்து மூடினார். நாற்பது நிமிஷம். 900 ரூபாய். முன்னாடி வீடியோ வகுப்பில் 98 டிகிரி காட்டின பொட்டி, இப்போ 70ஐத் தாண்டல. இரைச்சலும் இல்லை.

கிளம்பும்போது ஒரு குட்டும் வைத்தார். "சாரே, இதை எவிடெ வச்சா உபயோகிக்கின்னது?" தலையணை மேல்தான். மேஜையில் வைத்தால் தங்கமணிக்குக் கழுத்து வலிக்குதுன்னு நான்தான் மெத்துமெத்துன்னு ஒரு தலையணை வாங்கிக் கொடுத்தேன். காற்று உள்ளே போகிற துவாரம் எல்லாம் அடியில்தான் இருக்கு. அன்போடு மூக்கைப் பொத்தியிருக்கேன்! கீபோர்டு மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையும் என் உபயம்தான்.

சரி, இதிலிருந்து நான் சொல்ல வருவது என்ன?

ஊர் மாறி வந்த நம்ம குடும்பங்கள் சீக்கிரம் பொருளைத் தூக்கிப் போடுவதற்குக் காரணம் பணத் திமிர் இல்லை. நம்பிக்கையான ஆள் இல்லாததுதான். சொந்த ஊரில் ரேடியோ கடைக்காரர், சைக்கிள் கடை, மிக்சி ரிப்பேர் எல்லாருக்கும் நம்ம அப்பாவைத் தெரியும், ஏமாற்றினால் தெருவில் முகத்தில் முழிக்கணும். புது ஊரில் நமக்குத் தெரிந்தது கண்ணாடி போட்ட கவுன்டர் மட்டும். அங்கே திறந்து சுத்தம் செய்வதைவிட போர்டை மாற்றுவது சுலபம், போர்டை மாற்றுவதைவிடப் புதுசு விற்பது லாபம். அந்தத் தம்பி மேலே எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு டார்கெட் இருக்கும். எனக்கும்தான் இருக்கு. ஆனால் திறந்து பார்க்காமல் 'மாத்தணும்'னு சொல்றதை நாம் கேள்வி கேட்காமல் ஏத்துக்கறது நம்ம தப்பு.

உலகம் இதைப் பேசத் தொடங்கியாச்சு. பிரான்ஸில் 2021 ஜனவரியிலிருந்து மடிக்கணினி விற்கும்போதே, அதைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம்னு பத்துக்கு ஒரு மதிப்பெண் ஒட்டணும். நம்ம நாட்டில் 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்காகக் குழு போட்டு, அந்த வருஷக் கடைசியில் ஒரு இணைய தளமும் திறந்தது. நல்ல ஆரம்பம்தான். ஆனால் சட்டம் வந்து என் பொட்டியைத் திறக்கிற வரைக்கும் காத்திருக்க முடியாது. அதுவரை நாமே செய்யக்கூடியது:

1. மடிக்கணினியை மெத்தை, தலையணை, மடி எதிலும் வைக்காதீங்க (பேரு மட்டும்தான் மடி!). கெட்டியான பலகை போதும். பின்பக்கம் அரை அங்குலம் தூக்கி வைத்தால் இன்னும் நல்லது.

2. வெப்பம் காட்டும் இலவச மென்பொருள்கள் இருக்கு, எச்.டபிள்யூ.மானிட்டர் மாதிரி. சும்மா இருக்கும்போதே 80ஐத் தாண்டினால் தூசின்னு சந்தேகப்படலாம்.

3. அவசரத்துக்கு ஒரு கைவைத்தியம்: விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் உள்ளே போய், பிராசஸரின் உச்ச அளவை 100இலிருந்து 99 சதவீதமாக்குங்க. பெரும்பாலான பொட்டிகளில் அந்தக் கூடுதல் 'டர்போ' வேகம் நின்றுபோகும், சூடு நன்றாகக் குறையும். வகுப்புக்கும் பேங்க் வேலைக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் இது காய்ச்சல் மாத்திரைதான், தூசியை எடுக்காது.

4. கொச்சி மாதிரிக் கடலோர ஊரில், சாலையோர வீட்டில் இருந்தால், வருஷம் ஒரு தடவை திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்க. நீங்களே காற்று அடித்தால், காற்றாடியை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு அடிங்க. கண்டபடி சுழன்றால் அதன் பேரிங் போயிடும்.

5. ரிப்பேர் கடையில் முதல் கேள்வி: "திறந்து காட்டுவீங்களா?" காட்டாதவர் கடை வேண்டாம்.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லணும் இல்லையா? எல்லாப் பொட்டியையும் காப்பாற்றணும்னு நான் சொல்லல. பேட்டரி உப்பி, கீபோர்டோ அடிப்பலகையோ மேலே எழும்பினால் அந்த நிமிஷமே அணைத்துவிடுங்க. சார்ஜ் போடக்கூடாது, அமுக்கக்கூடாது, குத்தக்கூடாது. லித்தியம் பேட்டரி விளையாட்டுச் சாமான் இல்லை. 2006 ஆகஸ்டில் சோனி தயாரித்த பேட்டரிகள் சூடாகித் தீப்பிடிக்குதுன்னு டெல் நிறுவனம் சுமார் 41 லட்சமும், ஆப்பிள் சுமார் 18 லட்சமும் திரும்ப வாங்கியது ஞாபகம் இருக்கலாம். பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டுப் பொட்டியை வைத்துக்கொள்ளலாம். போர்டு நிஜமாகவே போயிருந்து, செலவு புதுசின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுடலாம். அப்பவும் ஆக்கிரி வண்டியில் போடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்தில் கொடுங்க.

இன்னொரு சிக்கல், பொட்டி நல்லா இருந்தும் மென்பொருள் கைவிடுவது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. எங்க பொட்டி இன்டெல் எட்டாம் தலைமுறை, அதனால் விண்டோஸ் 11 வாங்கிக்கொண்டது. ஒரு தலைமுறை முந்தியதாக இருந்திருந்தால் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். அப்படிப்பட்டவங்க லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம். பயப்படாதீங்க, கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வருஷக்கணக்கா அதில்தான் படிக்குது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் கொடுத்த பொட்டிகள் நம்ம சொந்தக்காரங்க வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒன்றை இறக்கித் தூசி தட்டிப் பாருங்க. ஒரு பிள்ளைக்காவது எழுத்துப் பழக உதவும்.

புது ஊருக்கு வந்ததும் நாம் என்னென்ன தேடறோம்? பள்ளிக்கூடம், கோயில், நல்ல காய்கறிக் கடை, இட்லி மாவு. அந்தப் பட்டியலில் ஒரு நல்ல மெக்கானிக்கையும் சேர்த்துக்கோங்க. கெட்டுப்போகறதுக்கு முன்னாடியே. அவர்கிட்ட ரெண்டு வார்த்தை அவர் பாஷையில் பேசுங்க. மூணு வருஷமா கொச்சியில் இருந்தும் நான் ஒரு கடைக்காரருடன் அஞ்சு நிமிஷத்துக்கு மேல் மலையாளம் பேசினது அன்றைக்குத்தான். சம்சாரத்தின் தொழிலுக்கு எது முக்கியம்னு எட்டிப் பார்த்ததும் அன்றைக்குத்தான். அந்தக் கணக்கில் 900 ரூபாய் ரொம்ப மலிவு.

நின்றுபோன ரெண்டு பிள்ளைகளில் ஒன்று திரும்பி வரவே இல்லை. அந்தச் சங்கரன்கோயில் ஆச்சியின் பேத்தி ஏப்ரலில் வந்துட்டாள். கடுதாசியை முடித்துத் தபாலில் போட்டிருக்கிறாள். 'பழம்' என்பதை 'பலம்'னுதான் எழுதியிருந்தாளாம். தங்கமணி திருத்த வேண்டாம்னு விட்டுட்டாங்க. ஆச்சி அதைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்காங்களாம்.

டிஸ்கி: தலையணை இப்போ என் தலைக்குக் கீழே இருக்கு. பொட்டிக்குப் புளியமரப் பலகை போட்டாச்சு. தங்கமணியின் கழுத்து வலிக்குத்தான் இன்னும் மெக்கானிக் கிடைக்கல :-)